மிண்டாவின் பிறந்தநாள் கசெற்

நூற்று முப்பத்தெட்டு மணித்தியாலம் அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். ஞாயிறு மாலை ஏழு மணியிலிருந்து சனி பகல் ஒரு மணிவரை. 1988 ஜூன். எனக்கு இருபத்துநான்கு வயது. மிண்டாவுக்கு அந்தச் சனிக்கிழமை இருபத்தேழு.

நான் செய்தது சின்ன வேலைதான். ஒரு கசெற்றில் பாட்டுப் பதிந்தேன். அந்தக் கசெற்றில் ஏற்கெனவே மிண்டாவின் அப்பா பேசியிருந்தார். அதை மிண்டா இன்னும் கேட்டிருக்கவில்லை.

டூட்டிங்கில் பிலோமினம்மாவின் வீட்டில் மேல்மாடி அறை எங்களுடையது. பிலோமினம்மா மன்னார்க்காரி, விதவை. கோயிலில் மிண்டாவைக் கண்டு, "கத்தோலிக்கப் பிள்ளைதானே" என்று கூட்டிவந்து வைத்திருந்தார். பிறகு நான் வந்தேன். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவள், இங்கே ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய்கள் கழுவினேன். மிண்டா அதே மருத்துவமனையில் வார்ட் உதவியாளர். முழுப்பெயர் லுஸ்விமிண்டா. தென்கிழக்காசியாவில் இருக்கும் அவளுடைய தீவு நாட்டின் மூன்று பகுதிகளின் பெயர்களில் முதல் அசைகளைச் சேர்த்து அவளுடைய அப்பா வைத்த பெயராம். "முழு நாட்டையும் என்ர தலையில வைச்சிட்டார்" என்பாள்.

நாங்கள் பேசியது ஆங்கிலம். இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவளை நான் ஆத்தே என்று கூப்பிடுவேன். அவர்கள் மொழியில் அக்காவுக்கு அதுதான் சொல்.

அறையின் இடது பக்கச் சுவர் என்னுடையது. அதில் ஒரு சிலுவை மட்டும் இருந்தது. வலது பக்கத்தில் முடியை மேலே நிமிர்த்திய பாட்டுக்காரப் பையன்கள், தோள்மட்டை வைத்த சட்டை போட்ட பெண்கள், நடுவில் மாதா. இரண்டு வாரத்துக்கொருமுறை பாட்டு வரிகள் அச்சிட்ட சஞ்சிகை ஒன்றை வாங்குவாள். நடுப்பக்கத்தைக் கம்பி கழற்றி எடுப்பாள், கிழியாமல். கட்டிலுக்கடியில் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையக் கசெற்றுகள். அவற்றில் பாதி, பாடகரின் குரல் இல்லாமல் வாத்தியம் மட்டும் உள்ளவை. அவளுடைய ஊரில் விற்பதாம். வாத்தியத்துக்கு மேலே நாமே பாட வேண்டும். தலைமயிர் வாரும் பிரஷைப் பிடித்துக்கொண்டு அவள் பாட, நான் கட்டிலில் இருந்து பார்ப்பேன்.

"நீயும் பாடு, பெர்னி."

"எனக்கு ஏலாது."

"இதில பாடுறவரே இல்லை. ஆர் உன்னைப் பிழை சொல்லப்போறது?"

சத்தம் கூடினால் கீழே பிலோமினம்மா தும்புத்தடித் துடைப்பத்தால் தன் கூரையைத் தட்டுவார்.

அவுஸ்திரேலியத் தொடர்நாடகம் ஒன்று மாலையில் வரும். அந்த நேரத்தில் மூவரும் கீழே ஒரே சோபாவில். பிலோமினம்மாவுக்கு அதில் பாதி ஆங்கிலம் விளங்காது. ஆனால் கதையை அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார். "உவன் உவளைக் கட்டமாட்டான், இருந்து பார்" என்பார். அழகிப் போட்டி வந்தால் மிண்டா கொப்பியில் கோடு போட்டுப் புள்ளி கொடுப்பாள். நடை, பல், கேள்விக்குப் பதில் என்று மூன்று நிரல். தன் நாட்டுப் பெண்ணுக்குப் பல்லில் ஒரு புள்ளி குறைத்துவிட்டு, இரவு முழுக்க அதை நினைத்துக் கவலைப்பட்டாள்.

பிலோமினம்மாவும் மிண்டாவும் ஒன்றாகக் கருவாடு பொரித்த நாளை மறக்க முடியாது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் கதவைத் தட்டி, வடிகால் அடைத்துவிட்டதா என்று கேட்டார். "யேசு மரி சூசை" என்று பிலோமினம்மா வாயைப் பொத்தினார். "சுஸ்மர்யோசெப்" என்று அதே நொடியில் மிண்டாவும் வாயைப் பொத்தினாள். ஒரே சொல்தான். கிழவர் போனபிறகு அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தோம்.

சனிக்கிழமைகளில் என்னை வெளியே இழுத்துப் போவாள். 88ஆம் இலக்க பஸ்ஸின் மேல்தட்டு, முன் இருக்கை. அது கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்போம். ஒக்ஸ்போட் வீதிப் பாட்டுக் கடையில் காதுக்கருவி மாட்டி, வாங்காமல் கேட்போம். லெஸ்டர் சதுக்கத்தில் படத் தட்டிகளைப் பார்ப்போம். பிறகு படம் எடுக்க வேண்டும், வீட்டுக்கு அனுப்ப. யாருடையதோ ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்து நிற்பாள். நான் கமராவைப் பிடிப்பேன், அவளுடைய தலை பாதி வெட்டுப்படும். படத்தின் பின்னால் எழுதுவாள்: கார் என்னுடையதல்ல. சப்பாத்து என்னுடையது.

வீட்டிலிருந்து அவளுக்குக் கடிதம் வருவது குறைவு. குரல்தான் வரும். விடுமுறைக்குப் போய்த் திரும்புகிற யாராவது ஒரு கசெற் கொண்டுவருவார்கள். அம்மா இல்லை, இறந்துவிட்டார். அப்பாதான் பேசுவார். சேவல் கூவும், நாய் குரைக்கும், நடுவில் யாரோ உப்பு எங்கே என்று கேட்பார்கள். மிண்டா சோறு சாப்பிட்டபடி அதைக் கேட்பாள், ஒரே மேசையில் இருப்பதுபோல. கேட்டுச் சிரிப்பாள். எதிர்க்கதையும் சொல்வாள்.

அந்த மே மாதக் கடைசியிலும் ஒன்று வந்தது. உறையில் 'பிறந்தநாளுக்குத்தான்' என்று அப்பாவின் எழுத்து. உறையைப் பிரித்து, கசெற்றை மூக்கில் வைத்து மணந்தாள்.

"ஊர் மணக்குது. கேக்கமாட்டன். சனிக்கிழமை ஒரு மணிக்கு. நான் ஒரு மணிக்குத்தான் பிறந்தனாம்."

அப்போது நான் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். சப்பாத்துப் பெட்டிக்குள் அவள் வைத்த கசெற்றை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து தொடக்கம் ஏழுவரை வானொலியில் அந்த வாரத்தின் நாற்பது பாட்டுகள். மிண்டாவுக்கு அது பூசைக்கு அடுத்தது. அவளுக்கு அன்று மாலை ஷிப்ட்.

"பெர்னி, கடைசிப் பத்துப் பாட்டையும் எடுத்துவை. பெட்டியில இருக்கிற பழசு எதிலயாவது. அறிவிப்பாளர் கதைக்கேக்க நிப்பாட்டு, என்ன?"

ஆறு இருபதுக்குப் பெட்டியைத் திறந்து மிகப் பழையதாகத் தெரிந்த ஒன்றை எடுத்தேன். நடனப் பாட்டுத் தொகுப்பு என்று அட்டையில் அச்சிட்டிருந்தது, வெயிலில் வெளுத்த படம். பதியும் பொத்தான் இறங்கவில்லை. கடையில் விற்கும் பாட்டுக் கசெற்றுகளின் முதுகில் இரண்டு சிறு குழிகள் திறந்திருக்கும், யாரும் அழித்துவிடாமல். அவற்றை மூடினால் பதியலாம் என்பது எனக்குத் தெரியும். செலோரேப்பில் இரண்டு துண்டு வெட்டி ஒட்டினேன். ஒட்டும்போது, குழிகளைச் சுற்றி ஏற்கெனவே பசைத் தடம் இருந்ததைப் பார்த்தேன். யாரோ முன்பு ஒட்டி, பதிந்து, பிறகு கவனமாக உரித்தெடுத்திருக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் லேபல் இல்லாத போத்தலை நான் தொடமாட்டேன். இங்கே லேபல் இருந்தது. அதை நம்பினேன்.

ஒரு பக்கம் முடியத் திருப்பிப் போட்டேன். ஏழு மணிக்கு முதலாம் இடப் பாட்டு முடிந்தது. நிறுத்தினேன். சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்க்க, பின்னால் சுற்ற மறந்து அதே இடத்தில் ஓடவிட்டேன்.

ஒரு ஆள் பேசினார். தேங்காய் துருவுவதுபோலக் கரகரத்த குரல். ஒரு வசனம், ஒரு இருமல், ஒரு வசனம். எனக்கு விளங்கிய ஒரே சொல் மிண்டா. அதை மூன்று தடவை சொன்னார். பின்னால் சேவல் கூவியது. ஐந்து நிமிடத்தில் கசெற் முடிந்தது.

அப்போதுதான் விளங்கியது. அங்கே வெற்றுக் கசெற் விலை கூட. பழைய பாட்டுக் கசெற்றில் குழியை ஒட்டி, மேலே பேசி, மறுபடி யாரும் அழிக்காமலிருக்க ஒட்டியதை உரித்து அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் போட்ட பூட்டைத்தான் நான் திறந்தேன்.

ஒன்பதரைக்கு மிண்டா வந்தாள். கேட்க விரும்பினாள்.

"சரியா எடுபடேல்ல" என்றேன்.

"ஒண்டும் இல்லையா?"

"இரைச்சல்தான். அழிச்சுப்போட்டன்."

"ஐயோ. முதலாமிடம் ஆர்?"

சொன்னேன். கட்டிலில் குதித்துக் கைதட்டினாள். அந்தப் பையன் மூன்று கிழமையாக இரண்டாமிடத்தில் நின்றவன். செலோரேப்பை உரித்துவிட்டுக் கசெற்றை நான் ஏற்கெனவே பெட்டியில் வைத்திருந்தேன்.

திங்கள் சொல்லவில்லை. செவ்வாய் அவள் தன் பிறந்தநாள் நூடில்ஸுக்குப் பட்டியல் எழுதினாள். நீளமான நூடில்ஸ், வெட்டக்கூடாதாம். வெட்டினால் ஆயுளை வெட்டியது மாதிரி. பற்றர்சி பூங்காவில் விருந்து, வார்ட் தோழிகள் வருவார்கள். "எல்லாருமாச் சேந்து அப்பாவைக் கேப்பம். பாட்டும் இருக்கும். பிறந்தநாளுக்குப் பாடாமல் விடமாட்டார்" என்றாள். அன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை பகல் எனக்கு ஒரு யோசனை வந்தது. அவரே இன்னொரு தடவை பேசித் தரலாம். கொஞ்சம் பிந்தினால் என்ன? அவர்கள் வீட்டில் தொலைபேசி இல்லை. பக்கத்தில் நேனா என்ற பெண்ணின் கடையில் இருந்தது. இலக்கம் மிண்டாவின் கலண்டரில். சாப்பாட்டு நேரத்தில் தெருவோரத் தொலைபேசிக் கூண்டுக்குள் போனேன். தெரியாத ஒருவரோடு தொலைபேசியில் பேசுவது எனக்கு எப்போதும் முடியாத காரியம். வாக்கியங்களைத் துண்டில் எழுதிக்கொண்டு போனேன். பச்சைத் தொலைபேசி அட்டையைச் செருகினேன். அங்கே மாலை ஏழு மணி.

"நேனாவின் கடை!" ஒரு பெண் உரக்கச் சொன்னாள். பின்னால் சிறு பிள்ளைகளின் சத்தம்.

"நான் லண்டனிலயிருந்து. மிண்டாவின்ர சிநேகிதி."

"மிண்டா! கசெற்றைக் கேட்டுட்டாளா? அழுதாளா?"

"இன்னும் இல்லை. சனிக்கிழமை கேப்பா."

"நல்லது, நல்லது. நீ பக்கத்தில இரு. தனிய விட்டுடாதை."

ஏன் என்று கேட்கவில்லை. துண்டில் எழுதிய கேள்வியைக் கேட்டேன்.

"அவர் இன்னொருக்கா பேசித் தர ஏலுமா? வேறொரு கசெற்றில?"

அட்டையின் அலகுகள் குறைந்துகொண்டிருந்தன. நாற்பத்தொன்று. நாற்பது. முப்பத்தொன்பது.

"பிள்ளை, உனக்குத் தெரியாதா?" என்றாள் நேனா. குரல் தணிந்துவிட்டது. "தொண்டையில புற்று. குரல்வளையை எடுத்தாச்சு, போன மாதம். இப்ப சிலேற்றில எழுதித்தான் காட்டுறார். ஒப்பரேஷனுக்கு முதல்நாள் என்ர கடையில இருந்துதான் அந்தக் கசெற்றைப் பேசினவர். முழுசா, ரெண்டு பக்கமும். மிண்டாவுக்கு ஒருத்தரும் எழுதக்கூடாது, நான் என்ர வாயால சொல்லுவன் எண்டார். அவளுக்காகப் பாடினவர். பகிடியும் விட்டவர். நாங்கள்தான் அழுதது."

"இப்ப எப்பிடி இருக்கிறார்?"

"மீன் வாங்கப் போறார். விலை பேச ஏலாது, அதுதான் கோபம்." சிரித்தாள். "நீ நல்ல பிள்ளை. சனிக்கிழமை பக்கத்தில இரு."

அட்டை முடிந்து தொடர்பு அறுந்தது. நன்றி சொல்லவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆய்வுகூடத்துக்குத் திரும்பி, அன்று பின்னேரம் ஏற்கெனவே கழுவிய குழாய்களை இன்னொரு தடவை கழுவினேன்.

வியாழன் பிலோமினம்மா என்னை அடுப்படியில் பிடித்துக்கொண்டார்.

"என்ன பிள்ளை, மூண்டு நாளாச் சோத்தைக் கிளறிக்கொண்டு இருக்கிறாய்? ஆரும் பெடியனோ?"

"இல்லை அன்ரி."

"அப்ப என்ன, வேலை போயிட்டுதோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"யேசு மரி சூசை. தகப்பன்ர குரலையோ?"

"ஓம்."

வெட்டிய வெங்காயத்தைப் பலகையின் ஓரத்துக்குத் தள்ளினார். "இஞ்ச பார், மோனை. மெஷின் ரேப்பைத் திண்டிட்டுதெண்டு சொல்லு. என்ர வீட்டிலயே எத்தினை பூசைப் பாட்டைத் திண்டிருக்கு! கொஞ்சத்தை வெளிய இழுத்து விடு, அவ்வளவுதான். அவள் மெஷினைத் திட்டுவாள். உன்னைத் திட்டமாட்டாள். வருத்தக் கதையைப் பிறகு அவையளே எழுதுவினம்."

"அது பொய்தானே, அன்ரி."

"பொய்தான். ஆனா அந்த அறையில நீங்கள் ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் எனக்கு வேணும்" என்றார். பிறகு திரும்பி, வெட்டிய வெங்காயத்தையே மறுபடியும் வெட்டத் தொடங்கினார்.

வெள்ளி பின்னேரம் மிண்டா கடைக்குப் போயிருந்தாள். கசெற்றை எடுத்தேன். சுண்டுவிரலால் நாடாவைக் கொழுவி இழுத்தேன். மண்ணிறமாக, மினுங்கிக்கொண்டு, ஒரு முழம் வெளியே வந்தது. அது எந்த இடம்? பாட்டா, அவருடைய ஐந்து நிமிடமா? கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. இரண்டும் நாடாவில் பூசிய ஒரே இரும்புத் துரு. இன்னும் கொஞ்சம் இழுத்துக் கசக்கினால் போதும், எனக்கு விடுதலை. அவருடைய மிச்சமும் போய்விடும். பென்சிலை ஓட்டைக்குள் விட்டு மெதுவாகச் சுற்றினேன். மடிப்பு விழாமல் உள்ளே போய் முடியக் கால்மணித்தியாலம் ஆனது. கதவு திறந்தது. இரண்டு கையிலும் பைகளோடு மிண்டா.

"என்ன செய்யிறாய்?"

"நாடா தளர்ந்திருந்தது. இறுக்கினன்."

"என்ர விஞ்ஞானி" என்றாள். பைக்குள்ளிருந்து எனக்காக வாங்கிய சிவப்புக் கைவளையல் ஒன்றை எடுத்து என் கையில் மாட்டினாள். அவர்கள் வழக்கப்படி பிறந்தநாள்காரிதான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை வெயில். 44ஆம் இலக்க பஸ்ஸில் முன் இருக்கை கிடைத்தது. என் மடியில் நூடில்ஸ் சட்டி, அவள் மடியில் சிவப்புக் கசெற் வானொலிப் பெட்டி. பஸ்ஸில் சொல்லிவிடுவது என்று வந்தேன். வான்ஸ்வேர்த்தில் வாயைத் திறந்தேன். "அங்க பார், அங்க பார்!" என்று அவள் கையை நீட்டினாள். ஒரு கலியாணக் கார். கண்ணாடியில் முகத்தை வைத்து மணப்பெண்ணின் சட்டைக்குப் புள்ளி கொடுத்தாள். ஒன்பது. பிறகு யோசித்து எட்டரை.

பூங்காவில் தோழிகள் நால்வர் விரிப்புப் போட்டு இருந்தார்கள். அவர்களில் ஐம்பது வயதான ஒருவருக்குப் பெயர் பேபி. என்னைக் கண்டதும் பேபி சொன்னார்: "வந்திட்டா, லண்டன் முழுக்கச் சத்தம் போடுறவ!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர்களோடு ஒரு வருடமாகப் பழகுகிறேன். அவர்கள் என்னிடமிருந்து கேட்ட பதில் எல்லாம் ஓம், இல்லை, போதும்.

குரல் இல்லாத கசெற்றைப் போட்டு ஒவ்வொருவராகப் பாடினார்கள். பேபி பாடியபோது நாய் ஒன்று வந்து நின்று பார்த்தது. மிண்டா கடைசியாக எழுந்தாள். பூப்போட்ட பாவாடை, டெனிம் சட்டை, புதிதாகச் சுருட்டிய முடி. அவள் கையைத் தூக்கிப் பாடியது இன்றைக்கும் எனக்கு அப்படியே தெரிகிறது, தேம்ஸ் ஆற்றின் பக்கமாக வந்த காற்றும் அந்தப் பாவாடையும். அந்தப் பாட்டு முடியக்கூடாது என்று வேண்டினேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது.

"மணி என்ன?"

"ஒண்டுக்கு ரெண்டு நிமிஷம்" என்றார் பேபி.

மிண்டா கையைத் துடைத்தாள். பையிலிருந்து கசெற்றை எடுத்து மறுபடி மணந்தாள். பெட்டிக்குள் போட்டு மூடியை அழுத்தினாள். எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். அவளுடைய பெருவிரல் பொத்தானில் இருந்தது, மணிக்கூட்டைப் பார்த்தபடி.

"ஆத்தே, அமத்தாதைங்கோ."

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. ஐந்து பேரும் திரும்பினார்கள்.

"ஏன்? இன்னும் ஒரு நிமிஷம் இருக்கா?"

"அதில பாட்டுத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை நான் அதிலதான் எடுத்தன். பழசெண்டு நினைச்சன். ரெண்டு பக்கமும் அழிஞ்சு போட்டுது. கடைசியில அஞ்சு நிமிஷம் மட்டும் அப்பா இருக்கிறார். இரைச்சலெண்டு உங்களுக்குப் பொய் சொன்னன்."

பேபி ஏதோ தங்கள் மொழியில் முணுமுணுத்தார். மிண்டா பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு என்னைப் பார்த்து, எனக்காகவே ஒரு சிரிப்பைத் தேடி எடுத்தாள்.

"பறவாயில்லை. அழாதை, பெர்னி. சுஸ்மர்யோசெப், இதுக்குப் போய் ஒரு கிழமையாச் சாப்பிடாமல் இருந்தியா?" என் கையைப் பிடித்தாள். "நான் இண்டைக்கே நேனாவுக்குப் போன் எடுத்துச் சொல்லுறன். அப்பா இன்னொருக்காப் பேசுவார். அவருக்குக் கதைக்கிறதெண்டா விருப்பம்தானே."

இதோடு நிறுத்தியிருக்கலாம். என்னை மன்னித்தாகிவிட்டது. அவள் பொத்தானை அமத்தினால் பாட்டு வரும், எல்லாரும் சிரிப்பார்கள், நூடில்ஸ் சாப்பிடலாம். அவளுடைய அப்பா தன் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டது என்னால் இல்லாமல் போயிற்று. இனி அதைச் சொல்ல அந்தப் பூங்காவில் என்னைவிட வேறு வாய் இல்லை.

அவளுடைய கையை நான் இறுக்கிப் பிடித்தேன்.

"நேனாவுக்கு நான் போன் எடுத்தனான், ஆத்தே. அப்பாவுக்குத் தொண்டையில புற்று. ஒப்பரேஷன் செய்து குரல்வளையை எடுத்திட்டினம். உயிருக்கு ஒண்டுமில்லை, நடமாடுறார், மீன் வாங்கப் போறார். ஆனா இனி அவருக்குப் பேச ஏலாது."